ஈ ஓட்டியவர்கள்



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது விடுதி நினைவுகள் பற்றி ஒரு கட்டுரை. விடுதி உப்புமாவைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் எழுதித் தந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், "அப்படியானால் நான் ஈயைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி சார், எழுதுங்க. ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதுங்க" என்றார்கள். அந்த நிபந்தனையோடு தொடங்குகிறேன்.

விலங்கியல் துறையில் படித்தவர்களுக்கு நான் எந்த ஈயைச் சொல்கிறேன் என்று உடனே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கனிந்த வாழைத்தாரைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பறக்குமே, அதுதான். மூன்று மில்லிமீட்டர்கூட நீளம் இருக்காது. டிரோசோபிலா என்பது அதன் பேரினப் பெயர். கிரேக்க மொழியில் 'பனித்துளியை விரும்புவது' என்று பொருள். எங்கள் ஆய்வகத்தில் ரவையும் வெல்லமும் அகர் அகரும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி, பால் பாட்டிலில் ஊற்றி, பஞ்சால் அடைத்து இந்த ஈக்களை வளர்ப்போம். ஈதர் கொடுத்து மயக்கி, லென்சின் கீழே வைத்து, பெண் எத்தனை, ஆண் எத்தனை, சிவப்புக் கண் எத்தனை, வெள்ளைக் கண் எத்தனை என்று தூரிகை நுனியால் தள்ளித் தள்ளி எண்ணுவோம். வணிகவியல் மாணவர்கள் எங்களைப் பார்த்தால், "என்னப்பா, இன்னிக்கும் ஈ ஓட்டறதுதானா?" என்பார்கள். வியாபாரமில்லாத கடைக்காரரைச் சொல்கிற வார்த்தை நம் துறைக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

நாங்கள் படித்தது 1976-79. அப்போது எங்களுக்குச் சொல்லித் தந்தது தாமஸ் ஹண்ட் மார்கன் கதை மட்டும்தான். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1910 இல் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈயைக் கண்டார்; அதை வைத்து ஜீன்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்று காட்டினார்; அவருடைய மாணவர் ஸ்டர்டிவன்ட் 1913 இல் குரோமோசோமில் ஜீன்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று முதல் வரைபடம் போட்டார்; 1933 இல் மார்கனுக்கு நோபல் பரிசு. தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. ஆனால் நாங்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஈயை வைத்து இன்னொரு பெரிய கதை நடந்துகொண்டிருந்தது. கண் நிறத்தை விட்டுவிட்டு ஈயின் மூளையைப் பிடித்துக்கொண்டவர்களின் கதை அது. எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை. பிற்பாடு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்த காலத்தில், பிள்ளைகள் "சார், இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கக் கேட்கத்தான் நான் அதைத் தேடித் தேடிப் படித்தேன்.

கதாநாயகர் பெயர் சீமோர் பென்சர். 1921 இல் நியூயார்க்கில் பிறந்தவர். படித்தது இயற்பியல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தியில் ஆராய்ச்சி செய்தவர். பிறகு உயிரியல் பக்கம் தாவி, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்து, ஒரு ஜீனுக்குள்ளேயே எத்தனை இடங்களில் சடுதி மாற்றம் நிகழலாம் என்று 1950களில் நுணுக்கமாக அளந்தார். அந்த ஒரு வேலையே ஒரு மனிதருக்கு ஆயுளுக்கும் போதும். இவர் என்ன செய்தார்? 1960களின் நடுவில், "இதைச் செய்ய இப்போது நிறையப் பேர் வந்துவிட்டார்கள்" என்று அதை விட்டுவிட்டு, கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்துக்குப் போய் மூளையைப் படிக்க உட்கார்ந்தார். தம் இரண்டு மகள்களும் பிறந்த நாளிலிருந்தே குணத்தில் ஒருவருக்கொருவர் மாறுபட்டிருந்ததைப் பார்த்து, இதில் பிறவிக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி அவருக்குள் விழுந்ததாம். ஈயின் மூளையை ஆராயப் போகிறார் என்று கேள்விப்பட்ட வீட்டுப் பெரியவர் ஒருவர், முதலில் இவர் மூளையை யாராவது ஆராய வேண்டாமா என்று கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அவருடைய யோசனை எளிமையானது. மனித மூளையில் பல ஆயிரம் கோடி நரம்பு செல்கள். ஈயின் மூளையிலோ ஒரு லட்சத்துச் சொச்சம். ஆனாலும் அந்த ஈ பறக்கிறது, வாசனை பிடிக்கிறது, பெட்டை ஈயின் முன்னால் ஒற்றைச் சிறகை விரித்து அதிர்த்துப் 'பாடு'கிறது, தூங்குகிறது, விழிக்கிறது. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பாகமாகக் கெடுத்துப் பார்ப்பது ஒரு வழி. ஈயில் ஜீன்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துவிட்டு, எந்த நடத்தை கெடுகிறது என்று பார்த்தால் என்ன? ஈ பத்து நாளில் முட்டையிலிருந்து முழு ஈயாகிவிடும். ஒரு பெட்டை நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குரோமோசோம் நான்கே ஜோடி. மார்கன் காலத்திலிருந்து சேர்ந்த வரைபடங்கள் தயாராக இருந்தன. வேறென்ன வேண்டும்?

1967 இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையின் கருவி, நம் ஆய்வகத்திலேயே செய்துவிடக்கூடியது. சில சோதனைக் குழாய்கள், அவற்றை வாயோடு வாய் பொருத்தும் ஒரு சட்டம், ஒரு விளக்கு. ஈக்களை ஒரு தட்டு தட்டினால் பரபரப்பாகி வெளிச்சத்தை நோக்கி ஓடும். ஓடியவற்றை ஒரு குழாயிலும் ஓடாதவற்றை இன்னொன்றிலும் பிரிப்பது, மறுபடி தட்டுவது, மறுபடி பிரிப்பது. ஐந்தாறு முறை செய்தால், ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துக்கு ஓடுபவை ஒரு பக்கம், ஒருபோதும் ஓடாதவை ஒரு பக்கம் என்று சலித்த மாதிரி பிரிந்துவிடும். சடுதி மாற்றம் உண்டாக்கும் வேதிப்பொருளைத் தகப்பன் ஈக்களுக்குக் கொடுத்துவிட்டு, வாரிசுகளை இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தார். ஓடாத ஈக்களில் சில குருடு. சிலவற்றுக்குக் கால் சரியில்லை. சிலவற்றுக்குக் கண்ணும் காலும் நன்றாகவே இருந்தும் வெளிச்சம் மட்டும் பொருட்டில்லை. நடத்தையைக் கெடுக்கும் ஒற்றை ஜீன்களை இப்படிப் பிடிக்க முடியும் என்று தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வகத்துக்கு முனைவர் பட்டத்துக்கு வந்த மாணவர் ரொனால்ட் கொனோப்கா. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் மற்றவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவருவது விடியற்காலை ஈரக்காற்றில்தான். வெயில் ஏறினபின் வெளிவந்தால், சிறகு விரிவதற்குள் காய்ந்து சுருங்கிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், முழு இருட்டறையில் வைத்தாலும் ஈக்கள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, சாமக்கோழி மாதிரி, கூட்டமாக வெளிவரும். அதாவது உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இதை பிட்டென்ட்ரி என்பவர் 1950களிலேயே விரிவாகக் காட்டியிருந்தார். இந்தத் துறையில் நம்மவர் ஒருவர் பெயரையும் சொல்லியாக வேண்டும்: எம்.கே. சந்திரசேகரன். ஈக்களின் இந்தக் கடிகாரத்தை ஜெர்மனியில் ஆராய்ந்துவிட்டு வந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தைக்கென்றே ஒரு துறையைக் கட்டி எழுப்பியவர். மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் வௌவால்களின் கடிகாரத்தை அவரும் மாணவர்களும் இரவு பகலாக ஆராய்ந்தார்கள்.

கொனோப்காவின் கேள்வி: இந்தக் கடிகாரத்தைக் கெடுக்கும் ஜீன் உண்டா? பெரியவர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். கடிகாரம் என்பது நூற்றுக்கணக்கான ஜீன்கள் கூடிச் செய்கிற காரியம், ஒன்றைக் கெடுத்தால் ஒன்றும் தெரியாது என்பது அன்றைய பொதுவான எண்ணம். கொனோப்கா தர்க்கம் செய்யவில்லை. பாட்டில் பாட்டிலாக ஈக்களை வளர்த்து, வேளை கெட்ட வேளையில் வெளிவரும் ஈக்களைத் தேடினார். மூன்று வகை கிடைத்தன. ஒன்றின் நாள் 19 மணி நேரம். இன்னொன்றின் நாள் 28 மணி நேரம். மூன்றாவதற்கு நேரம் காலமே கிடையாது. வெளிவரும்போது வெளிவரும், நினைத்தபோது நடமாடும். மூன்றையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், மூன்றும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடம்! ஒரே ஜீனை ஒரு விதமாகக் கெடுத்தால் கடிகாரம் வேகமாகிறது, இன்னொரு விதமாகக் கெடுத்தால் மெதுவாகிறது, முற்றிலும் கெடுத்தால் நின்றுபோகிறது. அதற்கு 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள். கொனோப்காவும் பென்சரும் 1971 இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான். மாக்ஸ் டெல்புரூக் என்ற பேரறிஞர், பென்சரின் நெருங்கிய நண்பர், 1969 இல் நோபல் பரிசு பெற்றவர், கேட்டவுடன் நம்ப மறுத்துவிட்டாராம். நடத்தைக்கு ஒரு ஜீன் என்பது அவ்வளவு அபத்தமாகத் தோன்றியிருக்கிறது.

ஜீனைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் வர இன்னும் பத்துப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. 1984 இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் குழுவும், ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யங் குழுவும் போட்டி போட்டுக்கொண்டு பீரியட் ஜீனைப் பிரித்தெடுத்தார்கள். அது வேலை செய்யும் விதத்தை நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியோடு ஒப்பிடலாம். மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்புகிறது, நிரம்பிய தண்ணீர் மிதவையைத் தூக்கி மோட்டாரையே நிறுத்துகிறது. தண்ணீர் இறங்கியதும் மோட்டார் மறுபடி ஓடுகிறது. பீரியட் ஜீனிலிருந்து புரதம் உண்டாகி, இரவில் செல்லுக்குள் சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய ஜீனையே அணைத்துவிடுகிறது. அந்தப் புரதம் சிதைந்து தீர்ந்ததும் ஜீன் மறுபடி விழிக்கிறது. ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம். இதற்குத் துணையாக 'டைம்லெஸ்', 'டபிள்டைம்' என்ற ஜீன்களை யங் குழு 1990களில் கண்டது. புரதம் சேர்வதை டபிள்டைம் தாமதப்படுத்துவதால்தான் தொட்டி சட்டென்று நிரம்பிவிடாமல் ஒரு நாள் முழுக்க இழுக்கிறது.

இந்த ஜீனின் உறவு ஜீன்கள் நமக்குள்ளும் இருக்கின்றன. சாயங்காலம் ஏழரை மணிக்கே கண் சொக்கி, விடியற்காலை நாலரைக்கே தானாக எழுந்துவிடும் ஒரு அமெரிக்கக் குடும்பத்தை ஆராய்ந்தபோது, மனிதனின் இரண்டாவது பீரியட் ஜீனில் ஓர் எழுத்து மாறியிருந்தது 2001 இல் தெரியவந்தது. சோம்பேறித்தனம், சுறுசுறுப்பு என்று நாம் பிள்ளைகளைத் திட்டுவதிலும் பாராட்டுவதிலும் ஒரு பங்கு இந்த ஜீன்களுக்குப் போக வேண்டும். விடுதியில் ஐந்து மணிக்கு மணி அடித்து எங்களை எழுப்பிய காப்பாளருக்கு இது அப்போது தெரிந்திருந்தாலும் மணி அடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது. பென்சர் 2007 லேயே காலமாகியிருந்தார். கொனோப்கா? அவர் அதிகம் கட்டுரை வெளியிடாதவர். கால்டெக்கில் உதவிப் பேராசிரியராக இருந்தும் நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. அடுத்துப் போன கிளார்க்சன் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியை விட்டே விலகிவிட்டார். 2015 பிப்ரவரியில் காலமானார். பரிசு வந்தது இரண்டரை ஆண்டு கழித்து. இறந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை என்பது விதி. உயிரோடு இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பங்கிடுவதில்லை என்பது இன்னொரு விதி. ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கதையில் எல்லாரும் நடந்த பாதையை முதலில் வெட்டியவர் அவர்தான்.

பென்சரின் ஆய்வகத்தில் வேறு என்னென்ன நடந்தது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யோஷிகி ஹோட்டா என்ற ஜப்பானியரும் பென்சரும், உடம்பின் ஒரு பாதி ஆணாகவும் மறு பாதி பெண்ணாகவும் இருக்கும் ஈக்களை உண்டாக்கினார்கள். நம் அர்த்தநாரீசுவரர் மாதிரி. அதில் ஒரு பகுதியில் மட்டும் கெட்ட ஜீன் இருக்கும்படி செய்து, எந்தப் பகுதி கெட்டால் நடத்தை கெடுகிறது என்று நூற்றுக்கணக்கான ஈக்களில் பார்த்துப் பார்த்து, கோளாறு மூளையிலா, கண்ணிலா, காலிலா என்று கண்டுபிடித்தார்கள். 1972 கட்டுரை இது. ஸ்டர்டிவன்ட்டின் பழைய யோசனை ஒன்றைத் தூசி தட்டி எடுத்துப் பயன்படுத்தியதால், அந்த அளவைக்கு 'ஸ்டர்ட்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1974 இல் குவின், ஹாரிஸ், பென்சர் மூவரும் ஈக்கு பாடம் நடத்தினார்கள்: ஒரு வாசனை வரும்போது மின் அதிர்ச்சி, இன்னொரு வாசனைக்கு ஒன்றுமில்லை. ஈக்கள் கற்றுக்கொண்டு முதல் வாசனையைத் தவிர்த்தன. பாடம் ஏறாத ஈ ஒன்று 1976 இல் கிடைத்தது. அதற்கு 'டன்ஸ்', அதாவது மக்கு, என்று பெயர். அடுத்தடுத்து வந்த மக்கு ஈக்களுக்கு முட்டைக்கோசு, முள்ளங்கி, டர்னிப் என்று காய்கறிப் பெயர்கள். சிரிப்பாக இருந்தாலும், டன்ஸ் ஜீன் சுழல் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறைச் சிதைக்கும் நொதிக்கு உரியது என்று 1981 இல் தெரிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கடல் நத்தையின் நினைவாற்றலை ஆராய்ந்த எரிக் கேண்டல் வேறு வழியில் வந்து நின்றதும் அதே மூலக்கூறின் வாசலில்தான்.

இப்போது பம்பாய். கொலாபாவின் கடற்கரை ஓரம் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1962 இல் ஹோமி பாபாவின் அழைப்பில் அங்கே மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர் ஒபைத் சித்திக்கி. உத்தரப் பிரதேசத்தில் 1932 இல் பிறந்தவர். அவரும் பென்சரைப் போலவே நுண்ணுயிர்களில் பெயர் வாங்கிவிட்டு ஈயின் நரம்புக்கு வந்தார். கால்டெக்கில் பென்சரோடு சேர்ந்து அவர் செய்த வேலை விசித்திரமான ஈக்களைப் பற்றியது. சாதாரண வெப்பத்தில் அவை மற்ற ஈக்களைப் போலவே ஓடியாடும். அறை கொஞ்சம் சூடானால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், மொத்தமாகச் சுருண்டு விழுந்துவிடும். குளிர்ந்ததும் எழுந்து நடக்கும். இப்படிப்பட்ட ஈயை முதலில் 1971 இல் கனடாவில் டேவிட் சுசுகியின் குழு கண்டிருந்தது. சூட்டில் இந்த ஈக்களின் நரம்பில் என்ன நிற்கிறது என்று மின்முனைகளை வைத்து அளந்து சித்திக்கியும் பென்சரும் 1976 இல் எழுதினார்கள். மூன்று மில்லிமீட்டர் பூச்சியின் நரம்பில் மின்னோட்டத்தை அளப்பது எப்படிப்பட்ட கைவேலை என்பதை, எங்கள் காலத்தில் கரப்பான் பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுக்கும்போதே கை நடுங்கிய நண்பர்கள் உணர்வார்கள்.

அந்த 'பராலிட்டிக்' ஜீன், நரம்பில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயிலுக்கு உரியது என்று 1989 இல் தெளிவாயிற்று. நம் வீட்டில் ராத்திரி ஏற்றும் கொசுவர்த்திச் சுருளுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுருளிலிருக்கும் பைரித்ராய்டு மருந்து பூச்சியின் அதே வாயிலில் போய்க் குந்தி, அதை மூட விடாமல் செய்துதான் கொசுவை விழச் செய்கிறது. பல நாடுகளில் கொசுக்கள் இந்த மருந்துக்கு மசியாமல் போனதற்கு ஒரு காரணம், கொசுவில் இதற்கு இணையான ஜீனில் வந்த சடுதி மாற்றங்கள்.

பம்பாயில் சித்திக்கியிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் வெரோனிகா ரோட்ரிக்ஸ். கென்யாவில் பிறந்து, டப்ளினில் படித்துவிட்டு, இந்தியாவுக்கு வந்து ஆராய்ச்சி செய்ய முடிவெடுத்த பெண். வாசனையும் சுவையும் தெரியாத சடுதி மாற்ற ஈக்களை உலகில் முதலில் பிரித்தெடுத்தவர்களில் இவரும் சித்திக்கியும் உண்டு; 1978 இல் வெளியிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பாட்டில் ஈ வரவழைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. பிறகு 1990களின் தொடக்கத்தில் சித்திக்கி பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவினார். ரோட்ரிக்ஸ் 2010 இல் 57 வயதில் மறைந்தார். சித்திக்கி 80 வயதைக் கடந்தும் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், 2013 ஜூலையில் பெங்களூரில் சாலை விபத்தில் அடிபட்டு மறைந்தார்.

இனி ஈதர். தொடக்கத்தில் சொன்னேனே, ஈதர் கொடுத்து மயக்குவோம் என்று. மயங்கிய ஈ அசையாமல் கிடக்க வேண்டும். ஆனால் சில ஈக்கள் மயக்கத்திலும் கால்களை வெடவெடவென்று ஆட்டும். நமக்கு அது தொந்தரவு, ஒதுக்கித் தள்ளுவோம். கலிபோர்னியாவில் வில்லியம் கப்லான் என்பவர் ஒதுக்கவில்லை. அந்த ஈக்களைத்தான் தேடிச் சேர்த்தார். ஒரு வகைக்கு 'ஷேக்கர்' என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. 1969 இல் கப்லானும் டிரவுட்டும் எழுதிய கட்டுரையில் இன்னொன்றுக்கு 'ஈதர்-அ-கோ-கோ' என்று பெயர். அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பிரபலமாயிருந்த ஒரு நடனக் கேளிக்கையகத்தின் பெயரை வைத்துச் செய்த வேடிக்கை அது.

ஷேக்கர் ஜீன் பொட்டாசியம் அயனி வாயிலுக்கு உரியது என்பதை, பென்சரிடம் பயிற்சி பெற்ற லில்லி ஜான், யூ நங் ஜான் தம்பதியின் குழு 1987 இல் காட்டியது. பொட்டாசியம் வாயில் ஒன்றின் ஜீன் உலகில் முதன்முதலாகக் கைக்கு வந்தது இப்படித்தான், கால் ஆட்டும் ஈயிலிருந்து. மனிதனிலோ எலியிலோ இருந்து அல்ல. நரம்பில் மின் துடிப்பு வந்தபின் அதை அணைக்கும் வாயில் இது. அணையாவிட்டால் துடிப்பு நீண்டு, கால் தன்பாட்டுக்கு ஆடுகிறது. ஈதர்-அ-கோ-கோவும் இன்னொரு பொட்டாசியம் வாயில். அதற்கு மனிதனில் உறவு உண்டா என்று விஸ்கான்சினில் பாரி கானெட்ஸ்கியின் குழு தேடி, 1994 இல் ஒன்றைக் கண்டது. மறு ஆண்டே, இன்னொரு குழு அது வேலை செய்யும் முக்கிய இடம் இதயம் என்று கண்டுபிடித்தது. இதயம் ஒவ்வொரு முறை துடித்தபின்னும் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதில் இந்த வாயிலுக்குப் பெரும் பங்கு. இது பிறவியிலேயே கெட்டிருந்தால், ஈ.சி.ஜி.யில் க்யூ-டி என்று டாக்டர்கள் குறிக்கும் இடைவெளி நீண்டுவிடும். பார்க்க எந்த நோயும் இல்லாத இளவயதுக்காரர் திடீரென்று மயங்கி விழலாம்; எழாமலும் போகலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை. எங்கள் அணியில் வணிகவியல் படித்த நண்பர், எங்களை 'ஈ ஓட்டறவங்க' என்று கேலி செய்த கூட்டத்தில் முன்வரிசைக்காரர் (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்), சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு எனக்குத் தொலைபேசினார். அவர் மகள் விடியற்காலை அலாரம் அடித்த சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து அப்படியே மயங்கி விழுந்திருக்கிறாள். இரண்டாவது முறை. முதல் முறை வலிப்பு என்று நினைத்தார்களாம். இந்த முறை ஒரு டாக்டர் ஈ.சி.ஜி.யை நிதானமாகப் பார்த்து, க்யூ-டி நீண்டிருக்கிறது என்று சொல்லி, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ பயாலஜி வாத்தியார்தானேடா, ஹெர்க்னு என்னமோ போட்டிருக்கு, என்னடா அது?" என்றார். அந்தப் பெயரில் உள்ள நான்கு எழுத்தில் ஒன்றுக்கு விரிவு ஈதர்-அ-கோ-கோ. நம் ஆய்வகத்து ஈதர்தான். எதிர்பாராத சத்தம், முக்கியமாக அலாரமும் தொலைபேசி மணியும், இந்த வகைக்காரர்களுக்கு ஆபத்து என்று டாக்டர்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் படுக்கையறையிலிருந்து அலாரம் போயிற்று. தினமும் ஒரு மாத்திரை வந்தது. சாப்பிடக் கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்று வந்தது. இப்போது நலமாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். நண்பரிடம் அன்று ஈயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவர் கேலி செய்யவில்லை.

அந்தப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெர்பினாடின் என்று ஓர் ஒவ்வாமை மாத்திரை இருந்தது. தூக்கம் வராத தும்மல் மாத்திரை என்று 1980களில் உலகெங்கும் விற்பனையானது. சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. காரணம், அந்த மாத்திரை இதே ஹெர்க் வாயிலை அடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1998 இல் விலக்கப்பட்டது. அதன்பின் ஏற்பட்ட சர்வதேச வழிகாட்டு நெறிகளின்படி, 2005 முதல், புதிய மருந்து எதுவானாலும் மனிதருக்குக் கொடுக்குமுன் ஹெர்க் வாயிலை அடைக்கிறதா என்று சோதிப்பது வழக்கமாகிவிட்டது. நீங்கள் இன்று விழுங்கும் புது மாத்திரை எதுவும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வந்திருக்கும். ஈதரில் கால் ஆட்டிய ஈயை ஒருவர் ஒதுக்காமல் வைத்துக்கொண்டபோது மருந்து, இதயம் என்ற யோசனை யாருக்கும் இல்லை.

இடம் போதாது என்பதால் இன்னொன்றை ஒரே பத்தியில். வெளிச்சத்தில் தொடர்ந்து பார்க்க முடியாத ஓர் ஈயை 1969 இல் பிரிட்டனில் கண்டார்கள். அதிலிருந்து 1989 இல் கிடைத்த 'டி.ஆர்.பி.' என்ற ஜீனுக்கு நமக்குள் ஒரு பெரிய குடும்பமே உண்டு. அதில் ஒன்றுதான் மிளகாயின் காரத்தையும் சூட்டையும் நாக்குக்கு உணர்த்துவது. 1997 இல் அதைக் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் கிடைத்தது. காரக் குழம்பு ஏன் 'சுடுகிறது' என்பதற்குப் பதிலும் ஈயின் கண் வழியாக வந்த உறவில் இருக்கிறது.

1993 இல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் ஒரு உத்தி கண்டபின், ஈயில் வேண்டிய நரம்பு செல்களில் மட்டும் வேண்டிய ஜீனை இயக்குவது கைவசமாயிற்று. சூட்டில் சுருண்டு விழும் இன்னொரு வகை ஈயின் ஜீனை அப்படிச் சில செல்களில் மட்டும் போட்டு, அறையைச் சூடாக்கினால் அந்த செல்கள் மட்டும் பேச்சை நிறுத்தும். குளிர்வித்தால் மறுபடி பேசும். 2001 முதல் உலகெங்கும் இதைச் செய்கிறார்கள். பழைய மார்கன் பாட்டில்களில் வளர்ந்த ஈதான். உள்ளே வைக்கும் சுவிட்சு மட்டும் புதிது.

2024 அக்டோபரில், வளர்ந்த பெட்டை ஈ ஒன்றின் முழு மூளையின் இணைப்பு வரைபடம் வெளியாயிற்று. ஒரு கசகசா அளவு மூளையை ஏழாயிரம் சீவல்களாகச் சீவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, கணினி முதலில் கோடு போட, பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து திருத்தினார்கள். 1,39,255 நரம்பு செல்கள். ஐந்து கோடிக்கு மேல் இணைப்புகள். கொனோப்கா கண்ட பீரியட் ஜீன் துடிக்கும் கடிகார செல்கள் மொத்தம் சுமார் 150 என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். இந்த வரைபடத்தில் எண்ணிப் பார்த்தபோது 240ஐ ஒட்டி வந்தது. எண்ண வேண்டியது இன்னும் இருக்கிறது. அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் கணினியில் திறந்து, ஒரு செல்லைப் பிடித்து, அது யார் யாரோடு பேசுகிறது என்று பார்க்கலாம். நம் துறை ஆய்வகத்தில் இப்போது இருக்கும் கணினியே அதற்குப் போதும் என்று துறைத் தலைவர் சொன்னார். ஈக்கு வேண்டிய ரவையும் வெல்லமும் வழக்கம்போல் விடுதிச் சமையலறையில் கிடைக்கும்.

— ஒரு முன்னாள் மாணவர், விலங்கியல் (1976-79)